மலைக்குப் போகிற நாளில் போடாத மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு, குவைத்திலிருந்து ஜெயந்தினி வணங்கி எழுதுவது. மூச்சு வாங்குவது குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் தம்பி தினேஸ் பக்கத்தில் இருப்பான். அதனால்தான் ஊருக்கு வரும் செல்வி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரிய மேடத்துக்கும் உங்களைப் போல இதயம் பலவீனம். உடம்பில் சேரும் நீர் இறங்க அதே மாத்திரைதான். பேத்தி கல்யாண வீட்டில் அடிக்கடி எழுந்து போக வெட்கப்பட்டு, எனக்குத் தெரியாமல் சில நாள் மாத்திரையைத் துப்பிவிட்டார். கால் வீங்கியது. பிறகு படுக்க முடியாமல் திணறினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் வீடு திரும்பவில்லை, அவ்வளவுதான். இந்தப் பெரிய வீட்டில் நானும் டிவியும் இருக்கிறோம்.

"தேயிலைக்குள்ள எங்கடி போய் ஒதுங்குறது? மலைக்குப் போயி கொழுந்து எடுக்கிற நாள்ல நான் அந்த மாத்திரைய போடுறதில்ல" என்று நீங்கள் சிரித்தது ஞாபகம் வந்தது. இனி விடாதீர்கள் அம்மா. வேலை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு போடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். டாக்டரிடம் வெட்கமாக இருந்தால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

தினேஸின் போனில் உங்கள் காலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகம் வேண்டாம், சிரித்தே மறைத்துவிடுவீர்கள். புறப்படும்போது நான் விழுந்து கும்பிட்ட கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாசலில் கார் வந்து நிற்கிறது. யாரோ அழுகிறார்கள். நான் கீழே போக வேண்டும். மாத்திரையைப் போடுங்கள் அம்மா.

உங்கள் மகள்
ஜெயந்தினி