அமில பம்பும் என் கொழுந்தனும்

மார்ச் 4, செவ்வாய்

கொழுந்தன் குவோ-ருங் இன்றும் என் மேசையைச் சோதனைக் கூடத்திலிருந்து தூக்கிக் கழிவறைப் பக்கம் போட்டிருந்தான். நானே தள்ளிக்கொண்டு வந்தேன். கணவர் இறந்து மூன்று வருடம். அன்றிலிருந்து இதே கதைதான். குடும்ப பம்ப் கம்பெனியில் அவர் பங்கு என் பேருக்கு வந்தது அவன் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

மார்ச் 11

லூகாங் ஊரில் இருக்கும் முலாம் பூசும் தொழிற்சாலைக்கு நாங்கள் அனுப்பிய பம்பின் உடல் ஓட்டையாகி, அமிலம் கொட்டிவிட்டது. ஒரு தொழிலாளியின் இரண்டு பாதங்களும் வெந்துபோயின. நான் சோதித்துக் கையெழுத்திட்டு அனுப்பிய பம்ப்.

குவோ-ருங் எல்லா ஆட்கள் முன்னாலும் சொன்னான்: "அண்ணி டெஸ்ட் பண்ற லட்சணம் இதுதான். டீயைக் குடிச்சிட்டே கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

"எஃகு வார்ப்பு வாங்குறது நீ. மலிவா எங்க பொறுக்கினியோ, அங்க போய்க் கேளு" என்றேன்.

ஆனால் சோதனைப் பதிவேட்டைத் திரும்பப் புரட்டினேன். பத்து நிமிஷம் தண்ணி அழுத்தத்துல வெச்சுப் பார்த்தேனே. சொட்டுக்கூடக் கசியலையே —

மார்ச் 13

பம்ப் திரும்பி வந்தது. அறுத்துப் பார்க்கலாம் என்றேன். என் முகத்தில் கரி பூசலாம் என்று அவனும் உடனே சம்மதித்தான்.

வார்ப்புச் சுவருக்குள் கட்டைவிரல் நுழையும் துளை. அதை இரும்புப் பசையால் அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். தண்ணீருக்குத் தாங்கும், அமிலம் தின்றுவிடும்.

"நீயா?" என்றேன். அதே மூச்சில் அவன் "நீங்களா?" என்றான்.

தேய்ப்புப் பிரிவுத் தொழிலாளி அ-து தலையைத் தூக்கவில்லை. "பெரியவர்தான் அடைக்கச் சொன்னாரு. இதே மாதிரி இன்னும் பதினொண்ணு வெளிய இருக்கு."

மார்ச் 14

நேரில் போய்க் கேட்டபோதும் மாமனார் நூடுல்ஸ் சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை. நாற்பது வருஷமாக இப்படித்தான் அனுப்புகிறாராம், எவன் செத்தான் என்கிறார். பிறகு என்னைப் பார்த்து, "உன் புருஷனுக்கும் தெரியும்" என்றார்.

அ-துவிடம் கேட்டேன். ஆமென்று தலையாட்டினான்.

மார்ச் 15

நீ உயிரோட இருந்தப்போ தெரிஞ்சேதான் என்னைக் கையெழுத்துப் போட வெச்சியா?

மார்ச் 17

பதினொரு இடத்துக்கும் உண்மையைச் சொல்லி பம்பைக் கழற்ற வேண்டும் என்றேன். கம்பெனி பேர் நாறிவிடும் என்றான் குவோ-ருங். ஏற்கெனவே நாறிப்போச்சு என்றேன். மதியம் அவனே போய், பதினொரு கடிதத்திலும் குத்த, அப்பாவின் இழுப்பறையிலிருந்து கம்பெனி முத்திரையை எடுத்தான். மாமனார் அவன் பிறப்பையே திட்டினார். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

ஏப்ரல் 4

குடும்பக் கல்லறைகளைச் சுத்தம் செய்து வணங்கும் நாள். கணவரின் கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கினேன். ஊதுபத்தி ஏற்றவில்லை.

ஏப்ரல் 22

கடைசி பம்பும் வந்து சேர்ந்தது. மூன்று வாடிக்கையாளர்கள் இனி எங்கள் பக்கமே வரமாட்டார்களாம். நானும் குவோ-ருங்கும் ஒரே வேனில் இத்தனை ஊர் போய் வந்தோம். வழி கேட்டதைத் தவிர ஒரு பேச்சில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பாதம் வெந்தவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க குடும்பத்துல யாரும் எங்க வாசலை மிதிக்க வேண்டாம்." கதவு சாத்தப்பட்டது. கொண்டுபோன பழக்கூடையோடு வெயிலில் நின்றோம்.

"நாளைக்கும் வருவோம் அண்ணி" என்றான் குவோ-ருங், கதவைப் பார்த்தபடியே.

"எட்டு மணிக்குக் கிளம்பு" என்றேன்.