சோலார் வெந்நீரும் ஆத்தாவின் குளிரும்

விறகுப்புகை மணக்கும் என் பெரியண்ணனுக்கு,

வீட்டில் சோலார் வெந்நீர்த் தொட்டி வைத்துவிட்டேன். கேட்டால் சிரிப்பீர்கள். மொட்டை மாடியில் சாய்வாகக் கண்ணாடிக் குழாய்கள், அவற்றின் தலைமாட்டில் ஓர் உருளைத் தொட்டி. வேறு வழியில்லை அண்ணே. உங்களைப்போல விறகு மூட்டி, கொதிக்கும் அண்டாவை இறக்கிச் சுமக்க என் முதுகில் தெம்பில்லை.

நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து நம் ஆத்தா குளிக்க மறுக்கிறாள். ஒரு சொம்பு ஊற்றியதுமே, "குளுருதுடி, பெரியவன வந்து ஊத்தச் சொல்லு" என்று கத்துகிறாள். நீங்கள் இல்லை என்று பலமுறை சொன்னோம். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பவள்போல அழுதாள். இப்போது சொல்வதில்லை. முதுகில் படுக்கைப்புண் வேறு தொடங்கிவிட்டது. உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நர்ஸம்மா எச்சரித்துப் போனார். நல்ல சூடாகத் தண்ணீர் வந்தால் இணங்குவாள் என்று நம்பினேன்.

மாட்டிய அன்றே வம்பு. மாடிக் குழாயில் கை வைக்க முடியாத சூடு. குளியலறையிலோ பச்சைத் தண்ணீர். கீரனூர் பிளம்பர் செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"காத்து அடைச்சிருக்கும் டீச்சர். டேப்பத் தொறந்து கொஞ்ச நேரம் ஓடவிடுங்க."

ஓடவிட்டேன். பச்சைத் தண்ணீர்த் தொட்டிதான் காலியானது. பிறகு அவரே வந்து கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் இரண்டு தண்ணீரும் கலக்கும் குழாயைத் தட்டி, "இங்கிட்டுத்தான் கோளாறு" என்றார். மோட்டாரிலிருந்து வரும் பச்சைத் தண்ணீருக்கு வேகம் அதிகம். அது வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி, வருவதைத் திருப்பித் தள்ளுகிறதாம். சத்துணவு வரிசையில் பெரிய பையன்கள் இடிக்க, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டோடு பின்னாலேயே போகுமே, அதேதான். தண்ணீர் திரும்பி ஏறாதபடி ஒரு வால்வு மாட்டினார். ஆவி பறந்தது.

"இனிமே ஆத்தா மகாராணிதான் டீச்சர்!"

மறுநாள் பதமாக விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்து ஊற்றினேன்.

"ஐஸ் தண்ணியவா ஊத்துற? ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடி? பெரியவன் எங்கிட்டுப் போனான்?"

இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன். தோள் சிவந்துவிட்டது. அப்போதும் அவள் தாடை நடுங்கியது. பயந்து குழாயை மூடிவிட்டேன்.

குழாயில் கோளாறு என்றால் ஒவ்வொரு மூட்டாகத் தேடலாம். இதை எங்கே தேடுவேன்? நீங்கள் காலிலிருந்து ஊற்றுவீர்களா, தோளிலிருந்தா? ஊற்றும்போது ஏதாவது பேசுவீர்களா? உங்கள் கைதான் சூடு என்றால் நான் என்ன செய்ய?

நேற்று செல்வம், "தண்ணி சூடா வருதா டீச்சர்?" என்று விசாரித்தார். "வருது தம்பி" என்றேன்.

நாளையும் விளாவுவேன் அண்ணே. ஆனால் சூட்டைக் கூட்ட மாட்டேன். துணியை நனைத்து ஒரு கை, பிறகு ஒரு கால் என்று துடைத்துவிடுவேன். நீங்கள் எங்கே என்று கேட்டால், வருவீர்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். மறுபடி அழவும் வைக்க மாட்டேன். அவள் குளிர் தீராது என்று தெரிந்துவிட்டது. அவள் திட்டத் திட்ட, துவட்டிக்கொண்டே இருப்பேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
வள்ளி