காருக்கு வைத்த இரண்டு விசிறிகள்

முரசுமோட்டை,
19.05.1963.

அன்புள்ள அத்தானுக்கு,

விமலேஸ்வரி எழுதுகிறேன். நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். கொழும்பு ஆஸ்பத்திரியில் இருமல் இல்லாமல் உறங்கும் இரவுகள் உங்களுக்குக் கூடிவர வேண்டும் என்று நினைத்தபடிதான் இதைத் தொடங்குகிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இந்த முறை நேரத்துக்கு வந்தது, சிறுபோக நெல் விதைத்தாயிற்று. இராசேஸ்வரிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

காரை விற்றாயிற்றா என்று இரண்டு கடிதங்களில் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. பெரியத்தான் வவுனியாவிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, கழற்றித் துண்டு துண்டாக எடுக்கத்தான் சரி என்றார். நான் முடியாது என்றேன். பெரியத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "இனி அவன் வந்து ஓடப்போறானே?" என்று கேட்டார். கேட்ட பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணீரையும் குடிக்காமல் போய்விட்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

மாசியில் விசிறித் தகடு வெடித்து றேடியேற்றரைக் கீறியதும், புது விசிறி எங்கும் கிடைக்காததும் உங்களுக்குத் தெரியும். பங்குனியில் நீங்கள்தான் படம் கீறி அனுப்பினீர்கள். பற்றறியில் ஓடும் சின்ன விசிறிகள் இரண்டை றேடியேற்றருக்கு முன்னால் பூட்டலாம் என்று ஒவ்வொரு வயருக்கும் நிறம் குறித்திருந்தீர்கள். அடுத்த கடிதத்தில், "அதெல்லாம் வேண்டாம், வித்துப்போடு" என்று ஒரே வரி. இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நான் அப்போது கேட்கவில்லை.

உங்கள் சிநேகிதர் நஜீம் முல்லைத்தீவில் உடைத்துப் போட்டிருந்த பழைய இராணுவ லொறிகளில் இருந்து இரண்டு மோட்டர்களைத் தேடிக் கொண்டுவந்தார். விசிறித் தகடு வெட்டி, சட்டம் அடித்துப் பூட்டியதும் அவர்தான். ஆனால் வயர் வேலை என்றதும், "எனக்குப் பயம் தங்கச்சி, கையை வைக்கமாட்டன்" என்று ஒதுங்கிவிட்டார். நீங்கள் காரைத் திருத்தும்போதெல்லாம் ஒன்பது வருஷம் விளக்குப் பிடித்தவள் நான். படத்தைப் பொனற்றில் ஒட்டிவைத்துக்கொண்டு தொடங்கினேன்.

முதல் நாள் போட்ட வயர் மெல்லியது. ஐந்து நிமிஷத்தில் சூடேறி இறப்பர் மணத்தது. கழற்றிவிட்டுத் தடித்த வயர் போட்டேன். இரண்டாம் நாள் இரண்டு விசிறியும் நன்றாகச் சுற்றின, ஆனால் மறுபக்கமாக. முன்னால் கடதாசி ஒன்றைப் பிடித்தேன். அது றேடியேற்றர்ப் பக்கம் இழுபடாமல் என் முகத்தில் வந்து அடித்தது. அப்படியானால் வயர் இரண்டையும் மாற்றிக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். மாற்றினேன். அதே பக்கம்தான் சுற்றியது. கோபிக்க வேண்டாம், நீங்கள் எழுதியது பிழை. மோட்டரைத் திறந்து, உள்ளே சுற்றும் தண்டில் உரசும் கரித்துண்டு இரண்டுக்கும் போகும் வயர்களை மட்டும் இடம் மாற்றிய பிறகுதான் சரிவந்தது. கடதாசி றேடியேற்றர்ப் பக்கம் இழுபட்டது. நஜீம் அண்ணை கைதட்டினார். உங்களிடம் உடனே ஓடிவந்து சொல்ல வேண்டும் போல இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பகல் பத்து மணிக்கு, தர்மபுரத்திலிருந்து யோகலிங்கம் என்று ஒருவன் கார் தேடிச் சைக்கிளில் ஓடிவந்தான். அவன் மனைவி கமலாசனிக்கு முதல் நாள் மாலையிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வவுனியாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாவாம். தர்மபுரம் போய் அவளை ஏற்றிக்கொண்டோம். நஜீம் அண்ணை கார் ஓட, நான் பக்கத்தில் இருந்தேன். பின்னால் யோகலிங்கத்தின் மடியில் அவள் தலை. எல்லா வாகனமும் நின்று போகும் முறிகண்டிப் பிள்ளையாரடியில்கூட நிற்கவில்லை. "திரும்பி வரேக்கை நிண்டு கும்பிடுங்கோ தங்கச்சி" என்றார் அண்ணை.

மாங்குளம் தாண்டியதும் வெப்ப முள் ஏறத் தொடங்கியது. அண்ணை காரை மரநிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்க, நான் இறங்கிப் பார்த்தேன். ஒரு விசிறி நின்றுபோயிருந்தது. தகட்டு விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் போய், பியூஸ் எரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பியூஸ் வைத்தபடியால் மற்றது ஓடிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பைக் கிழித்து வயரில் இறுக்கிச் சுற்றி, வேறு பியூஸ் போட்டேன். உள்ளே இருந்து கமலாசனி, "அக்கா, கார் நிண்டிட்டுதோ? நான் செத்துப்போவனோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, இந்தா வெளிக்கிடுறம்" என்றேன். பொனற்றை மூடிக்கொண்டு ஏறினேன். முள் இறங்கியது. பகல் ஒரு மணிக்கு முன்பே வவுனியா போய்ச் சேர்ந்தோம்.

வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். சம்மதக் கடதாசியை நீட்டியதும் யோகலிங்கம் பேனையைக் கீழே வைத்துவிட்டான். "வெட்டினால் பிழைப்பாளோ அக்கா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும், "போடு தம்பி. போடாட்டி என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியுந்தானே" என்றேன். போட்டான். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

திரும்பி வரும்போது முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டேன். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அத்தான், உங்கள் ஆஸ்பத்திரித் தாதியம்மா எழுதிய கடிதம் மூன்று கிழமையாக என் அலுமாரிக்குள் கிடக்கிறது. நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்தால் சுகம் வர இடமிருக்கிறதாம். நீங்கள்தான் கையெழுத்துப் போட மறுக்கிறீர்களாம். காரை விற்கச் சொன்னது ஏன் என்று அதை வாசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இவ்வளவு நாளும் தண்ணீரையும் பல்லையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாதவனைப் பார்த்துப் போடு என்று சொல்ல முடிந்த எனக்கு, உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

போடுங்கோ, அத்தான். எனக்கும் பயம்தான். பயமில்லை என்று பொய் எழுத மாட்டேன். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததும் ஒரு தந்தி அடிக்கச் சொல்லுங்கோ. நஜீம் அண்ணை கொழும்புக்கே காரை ஓட்டிவருவதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் உங்களை உள்ளே கொண்டுபோகும்போது நான் வாசலில் நிற்பேன், வெளியே கொண்டுவரும்போதும் அங்கேயே நிற்பேன்.

வற்றாப்பளை அம்மன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் பதிலுக்காகத் தபாற்காரரின் வழியைப் பார்த்திருக்கும்,
விமலேஸ்வரி