பொன்னாடைக்குக் கீழே கடுகளவு நுரையீரல்

ஆடி மாதம், வெள்ளி இரவு.

இன்று எண்ணூர்ப் பொதுக்கூட்டத்தில், ஒலிவாங்கி நின்ற இரும்புக் கம்பியால் ஒருவன் மண்டையைப் பிளந்துவிட்டேன்.

மீனவர் அந்தோணியின் நெஞ்சிலிருந்து சிறு திசுவை எடுத்து, ஆய்வறிஞர் மலர்விழி தம் ஆய்வகத்தில் கடுகளவு நுரையீரல்களை வளர்த்திருந்தார். அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் இங்குள்ளோரை எத்துணை விரைவில் முதுமையில் தள்ளுகிறது என்பதற்கு அவையே சான்று. மேடைக்கு வேண்டாம் என்றார் அவர். கண்ணால் கண்டால்தான் மக்கள் எழுவார்கள் என்று நானே வற்புறுத்தினேன். அவை மிதந்த கண்ணாடிப் பெட்டிக்கு மாலையிட்டுப் பொன்னாடையும் போர்த்தினோம். எதை உடைக்க வேண்டும் என்பது சாம்பல் அள்ளும் ஒப்பந்தக்காரனின் அடியாட்களுக்கு அதனால்தான் விளங்கியது.

இரும்புக் குழாய்களோடு மேடையேறி நொறுக்கினார்கள். நுரையீரல்களை வளர்த்த செந்நிற ஊட்டநீர் பொன்னாடையில் வழிந்தது. அப்போதுதான் என் கை கம்பியைப் பற்றி, குழாயோடு நின்ற ஒருவன் தலையில் இறக்கியது.

அந்தோணிதான் என்னை இழுத்துப் பிடித்தார். "வுடு நைனா, செத்துரப் போறான்! நீ ஜெயிலுக்குப் பூட்டீன்னா மைக்குல யாரு கத்துறது?" இருமினார், இருமலுக்கிடையே சிரித்தார். "நெஞ்சு எங்கியும் போவல, இங்கதான் கீது. டாக்டரம்மா, இன்னொரு தபா கிள்ளிக்க."

"திரும்ப வளர்ந்து முதிர மாசக்கணக்காகும்ணே," என்று மலர்விழி என்னிடம் சொன்னார். அந்தோணியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அத்தனை மாதங்கள் அந்தோணிக்கு இல்லை என்பதை மூவரும் அறிவோம்.

அடிபட்டவன் இன்னும் கண் விழிக்கவில்லையாம். விழிக்கட்டும் என்று எண்ண உள்ளம் ஒப்பவில்லை. ஆனால் விழுந்தபோது அவனும் இருமினான். அந்தோணியின் அதே இருமல்.