கண்ணைச் சுற்றிய குழாய்

நைனா,

கல்லூரிப் புத்தகங்களை ஒதுக்கும்போது அந்த மருந்துக் குப்பி கையில் தட்டுப்பட்டது. உள்ளே உன் வலது கண்ணைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் குழாய். விரல் நீளம்தான். மஞ்சளாகவில்லை, சுருங்கவில்லை. நீ போய் ஒரு வருஷமாகிறது.

உன் இடது கண் முன்பே போயிருந்தது. வலது கண்ணிலும் விழித்திரை கிழிந்து கழன்றபோது, திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டோல்கேட் தாண்டுகையில் கண்டக்டரிடம், "பாதி பஸ்ஸுதான் தெரியுது வாத்யாரே, அரை டிக்கெட்டு குடு" என்றாய். பஸ்ஸே சிரித்தது.

டாக்டர் என்னிடம் குழாயைக் காட்டினார். இது மக்காது, உடம்பு இதைக் கரைக்காது. கண்ணைச் சுற்றிப் பட்டு நூலால் தைத்து இறுக்கினால், கண்ணின் சுவர் உள்ளே அமுங்கிக் கழன்ற திரையைத் தொடும். "ஆனால் குழாய்க்குள் ரத்தம் ஓடாது. கிருமி புகுந்தால் மருந்து போய்ச் சேராது. புண் ஆறும்வரை தண்ணீர் படக்கூடாது."

ஆபரேஷன் முடிந்து, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் கிடந்தாய். "என் கல்யாணத்துக்கே பட்டு கட்டல. கண்ணுக்குக் கட்டிட்டானுங்க பாரு." கட்டவிழ்த்த அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இன்னா பாப்பா, இப்டி எளச்சிட்ட?"

வீட்டில் ஈரத்துணிகூடக் கண்ணருகே கொண்டுபோகவில்லை நீ. புண் ஆறுமுன்பே சித்தப்பாவின் புதுக் கட்டுமரம் கடலில் இறங்கிய நாள் வந்தது. மரம் தள்ளுமுன் கடல்நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் ஆட்களின் வழக்கம். பெண்களோடு தள்ளி நின்றிருந்த நான், நீ குனிவதைப் பார்த்தேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவே கத்திக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. கால் நகர்ந்தபோது உன் உள்ளங்கை கண்ணில் இருந்தது.

"தண்ணி படக்கூடாதுன்னேனே நைனா!"

"தண்ணியா? இது கடலு பாப்பா."

நாலாம் நாள் சீழ் கட்டியது. குழாயை எடுத்தார்கள். பிடிப்புப் போனதும் திரை மறுபடி கழன்றது. இனித் தைக்க முடியாது என்று டாக்டர் குப்பியை என் கையில் கொடுத்தார்.

மூன்று வருஷம் விரலால் தடவியே வலைக் கிழிசல் தைத்தாய். நான் அழுதால், "நீ ஓடியாறதுக்குள்ள நான்தான் ஒத்திக்கினேன். உம்மேல இன்னா தப்பு கீது?" என்பாய்.

நான் ஓடி வரவில்லை நைனா. நீ குனிந்ததைப் பார்த்தும் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தரம் கூப்பிட நேரம் இருந்தது. கடைசிவரை அதை உன்னிடம் சொல்லவில்லை.

குப்பியை மறுபடி மூடிவிட்டேன். மக்காது என்று டாக்டர் சொன்னது சரிதான்.