தனியாக வந்த பிள்ளைகளின் பதிவு

என் அண்ணே,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீங்க. மகன் இப்போதுதான் தூங்கினான். வத்தேகமப் பக்கம் இன்றைக்கும் இராணுவச் சுற்றிவளைப்பு. இவர் வீடு வந்து சேரும்வரை எனக்குக் கை ஓடவில்லை.

நீங்கள் போன பஸ்ஸில் குண்டு வெடித்து, உங்களை அடக்கம் செய்த பிறகு, கண்டி நிவாரண அலுவலகத்தில் உங்கள் கதிரையில் நான்தான் உட்காருகிறேன். இடம்பெயர்ந்தவர்களின் விபரம் முகாம்களிலிருந்து, பதிவுகளுக்கு நீங்கள் விதி வகுத்து எழுதிய எக்ஸ்எம்எல் ஸ்கீமாப்படிதான் கணினிக்கு வந்துகொண்டிருந்தது. முகாமுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆள். ஒன்றுக்குள் ஒன்றாக, ரஷ்யப் பொம்மை மாதிரி. ஆளைத் தனியாக வைத்து, குடும்பத்தோடு ஓர் இலக்கத்தால் இணைப்போம் என்று அன்றைக்கே சொன்னேன். ஆபீஸே கேட்கக் கத்தினீங்களே, "பாருங்கய்யா, கல்யாணம் கட்டி ஒரு மாசம் ஆகல, இவ குடும்பத்தப் பிரிக்க வந்துட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இப்போது பிள்ளைகள் தனியாக வருகிறார்கள், அண்ணே. குடும்பத் தலைவர் இல்லாத பதிவை உங்கள் ஸ்கீமா ஏற்காது. அதனால் ஒரு முகாமில் டைப் பண்ணுகிற பெண், அந்தப் பிள்ளைகளையெல்லாம் முகாம் பொறுப்பாளரின் குடும்பத்துக்குள், அவருடைய பிள்ளைகளாகப் போட்டிருக்கிறாள். "வேற என்னக்கா செய்ய? பிழைன்னு சிவப்புல காட்டுதே. அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகல, பாவம்" என்கிறாள் போனில்.

ஹுன்னஸ்கிரியவில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் ஓர் அம்மா, மகள் சுபாவைத் தேடி வாரம் தவறாமல் வருகிறார். அப்பா பெயர் பொருந்தவில்லை என்று கணினி தள்ளிவிட, "இல்லம்மா" என்றே சொல்லி அனுப்பினோம்.

இன்றைக்கு ஸ்கீமாவைப் பிரித்துவிட்டேன். ஆள் தனி, குடும்பம் தனி. சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. கை தானாக என் மகன் பெயரை அடித்தது. அப்பா இல்லை, அம்மா இல்லை, குடும்பம் இல்லை. பிழை எதுவும் காட்டவில்லை. இதைத்தான் நீங்கள் ஏற்க மறுத்தீங்களா?

பிள்ளைகள் தங்கள் வாயால் சொன்ன பெற்றோர் பெயர்களோடு மாலையில் அந்த முகாமிலிருந்து புதிய பதிவு வந்தது. சுபா இருக்கிறாள். அப்பா, அம்மா, ஊர், எல்லாம் பொருந்துகிறது.

சேர்ந்து வருகிறவர்களுக்காக நீங்கள் எழுதிய குடும்பப் பகுதியில் கைவைக்க மாட்டேன். சத்தியம்.

காலையில் அந்த அம்மா வருவார். அழுது முடித்ததும், "எப்ப இருந்து அங்க இருக்கா?" என்று கேட்பார். நாங்கள் முதல் தடவை இல்லை என்று சொன்னபோதே அங்கேதான் இருந்தாள் என்று எப்படிச் சொல்வேன்?

சீக்கிரம் பதில் போடுங்க, அண்ணே.

சண்டை பிடிக்க ஆளில்லாத
உங்கள் தங்கச்சி