சீனி போடாத தேத்தண்ணி

வெள்ளவத்தை, 2007

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். எனக்கு மூளையில் கட்டி வரும் என்றும், நீ லண்டனில் அதே கட்டிகளை ஆராய்வாய் என்றும் என் தங்கச்சியிடம், அதுதான் உன் அம்மாவிடம், அப்போதே சொன்னேன். அவள்தான் சிரித்தாள்.

கட்டி சீனியை அள்ளித் தின்னும், தின்னும் இடம் உங்கள் ஸ்கேனில் விளக்குப்போல் எரியும் என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. பட்டினி போட்டே கொன்றுவிடுவேன். உன் ஆராய்ச்சியில் இதையும் சேர்த்துக்கொள்.

இங்கே சாதாரண ஸ்கேன்தான். எடுத்துக்கொண்டு வரும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் படத்தை வெயிலில் பிடித்து, "மே மொகத்த?" என்றான், இதென்ன என்று.

"என்ட மூளை, மாத்தயா. வடிவாப் பாருங்கோ, குண்டு ஒண்டும் இல்லை" என்று சிங்களத்திலேயே வெளுத்துக்கட்டினேன். அவன் சல்யூட் அடித்தான். பக்கத்து வீட்டு ஸாலிஹ் நானாதான், "உங்கட வாய்க்கு ஒரு நாளைக்கு உள்ளுக்குப் போடுவான்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

ஒபரேஷனுக்கு ஒருவர் கையெழுத்து வைத்து, கூடவும் நிற்க வேண்டுமாம். யார் நிற்பார்கள் என்று கேட்டிருந்தாய். ஸாலிஹ் நானா இருக்கிறார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவர் போன வருஷமே மகனோடு கட்டாருக்குப் போய்விட்டார், பிள்ளை. அன்றைக்கு நான் தனியாகத்தான் வந்தேன்.

இப்படிக்கு,
உன் மாமா